எலிக்காய்ச்சல் மாட்டிலிருந்துதான் வந்ததா? மரபணு வரிசைப்படுத்தல் என்ன சொல்லும், என்ன சொல்லாது

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரே வயல் வட்டையில் வேலைசெய்த இருவர் முன்மாரி விதைப்பு முடிந்த கையோடு எலிக்காய்ச்சலால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். அதே காலத்தில் அந்த வட்டைக்கு அருகே அடைத்திருந்த பட்டியில் மூன்று பசுக்களுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. மாட்டிலிருந்துதான் மனிதருக்கு வந்தது என்று ஊரில் பேச்சு. "மரபணு வரிசைப்படுத்தல் செய்தால் எந்த மாட்டிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்தானே?" என்று பட்டிக்காரரின் மகன் கேட்டிருக்கிறார்.

அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டிக்கும் அந்த இருவரின் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று காட்டுவதற்கு வாய்ப்பு உண்டு. இந்தத் தொழில்நுட்பம் ஒருவரைக் குற்றவாளி என்று காட்டுவதைவிட, குற்றமற்றவர் என்று விடுவிப்பதில்தான் வலுவானது. செய்திகளில் வரும் விளக்கங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் விடுபட்டுப் போவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கிருமியின் மரபுப்பொருள் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட பிரதி. அதை எழுத்து எழுத்தாகப் படிப்பதே மரபணு வரிசைப்படுத்தல். டெங்கு வைரஸில் ஏறத்தாழ 10,700 எழுத்துகள். மாடுகளுக்கு வரும் கால்வாய் நோயின் வைரஸில் 8,300 அளவில். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பற்றீரியாவில் ஏறத்தாழ 46 இலட்சம். கிருமி பெருகும்போதெல்லாம் இந்தப் பிரதி மறுபடி எழுதப்படுகிறது. எழுதும்போது பிழை விழுகிறது. எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்குப் படிக்கும் பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு ஊர் ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்து, மூன்றாவது ஊர் ஏட்டில் அது இல்லாவிட்டால், முதல் இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று ஊகிக்கிறோம். கிருமிகளின் வம்சவரைவும் இப்படித்தான் வரையப்படுகிறது. பகிர்ந்துகொண்ட பிழைகள் உறவைக் காட்டும். பிழைகளின் எண்ணிக்கை அந்த உறவின் தூரத்தைக் காட்டும்.

ஆனால் எல்லா எழுத்தர்களும் ஒரே அளவில் பிழை விடுவதில்லை. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் பொதுவாக விரைவாக மாறுபவை. கொவிட் வைரஸின் ஏறத்தாழ 29,900 எழுத்துகளில் மாதமொன்றுக்கு இரண்டு எழுத்து மாற்றங்கள் அளவில் நிலைபெற்றன. அதனால்தான் 2020 இறுதியில் இலங்கையில் பரவிய வைரஸ் பீ.1.411 என்ற தனிக் கிளையைச் சேர்ந்தது என்றும், 2021இல் அதன் இடத்தை அல்பாவும் பின்னர் டெல்டாவும் பிடித்தன என்றும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் உடனுக்குடன் சொல்ல முடிந்தது. லெப்டோஸ்பைரா அவ்வளவு அவசரக்காரர் அல்லர். பற்றீரியாக்களின் மாற்றம் மிக மெதுவானது. இந்த மாதம் மாட்டிலிருந்து எடுத்ததும் போன மாதம் மனிதரிலிருந்து எடுத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கலாம்; அப்படி இருந்தாலும் எது முன், எது பின் என்று அந்த 46 இலட்சம் எழுத்துகளில் எங்கும் எழுதியிருக்காது.

இனி எலிக்காய்ச்சலுக்கு வருகிறேன். இந்தப் பெயரே ஒரு தீர்ப்பை முன்கூட்டி எழுதிவிட்டது என்பது என் எண்ணம். எலி இக்கிருமியைச் சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் ஆகாமல், வாழ்நாள் முழுவதும் சிறுநீரோடு வெளியேற்றக்கூடியது என்பது உண்மை. ஆனால் மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியவையும் காவிகள் ஆகலாம். பசுக்களில் இது கருச்சிதைவையும் பால் திடீரென வற்றுவதையும் உண்டாக்கும். மழை பெய்து வட்டை முழுவதும் தண்ணீர் நிற்கும்போது, எந்தப் பிராணியின் சிறுநீர் எந்த வரம்பில் கலந்தது என்பது யாருக்கும் தெரியாது. காலில் வெடிப்போ கீறலோ உள்ளவர் அந்தச் சேற்றில் இறங்கினால் அதுவே போதும். 2008ஆம் ஆண்டு நாடெங்கும் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்துடன் பதிவானார்கள். 200 பேர் அளவில் இறந்தார்கள். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு யாழ். குடாநாட்டில் சில மரணங்களை ஏற்படுத்திய "மர்மக் காய்ச்சலும்" இதுவே என்று பின்னர் தெரியவந்தது.

மரபணு வரிசைப்படுத்தல் வருவதற்கு முன், லெப்டோஸ்பைராவை வகைப்படுத்தும் வழி, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள்தான். நோயாளியின் குருதிநீரை, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் பல உயிர்க்கிருமி வகைகளோடு தனித்தனியே கலந்து, எது ஒட்டித் திரள்கிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இந்த முறையில் முந்நூறு அளவிலான வகைகள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றுள் கால்நடைகளோடு நெருங்கியது ஹார்ட்ஜோ என்ற வகை. உங்கள் பட்டியில் குருதிப் பரிசோதனை செய்து "ஹார்ட்ஜோ" என்று வந்து, வைத்தியசாலையில் இருந்தவருக்கும் "ஹார்ட்ஜோ" என்று வந்தால், ஊரார் தீர்ப்பெழுதி முடித்துவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. மரபணுக்களைப் படித்தபோது தெரியவந்தது என்னவென்றால், ஹார்ட்ஜோ என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு இனங்கள் ஒளிந்திருந்தன: ஒன்று லெப்டோஸ்பைரா இன்டரோகன்ஸ், மற்றது லெப்டோஸ்பைரா போர்க்பீட்டர்சனியை. இரண்டும் வெளியே அணிந்திருக்கும் சட்டை ஒன்று. பிறபொருளெதிரி பார்ப்பது அந்தச் சட்டையை மட்டும்தான்.

இவ்விரண்டின் உள்ளமைப்பைப் பார்த்தால் வேறுபாடு வெறும் பெயரளவில் இல்லை என்பது புலப்படும். மாடுகளில் பரவும் போர்க்பீட்டர்சனியையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 39 இலட்சம் எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. கெட்டுப்போன, வேலைசெய்யாத பரம்பரையலகுகள் (தனித்தனி மரபணுக்கள்) அதில் நிறைய. வெளிச் சூழலை உணர்ந்து அதற்கேற்ப மாறிக்கொள்ள உதவும் அலகுகள் பல தொலைந்துவிட்டன. ஆகவே அது தண்ணீரில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. ஒரு மாட்டின் சிறுநீரிலிருந்து பக்கத்து மாட்டுக்கு நேரடியாகத் தொற்றுவதே அதன் வழி. வீட்டை விட்டு வெளியே போகாமலே இருந்து வெளியூர் வழி மறந்தவரைப் போல. இன்டரோகன்ஸ் அப்படியல்ல, சேற்றிலும் தேங்கிய நீரிலும் கிழமைக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இலங்கை நோயாளிகளில் இவ்விரண்டு இனங்களும் வேறு சிலவும் கண்டறியப்பட்டுள்ளன. எனவே இங்கே எது வந்தது என்று ஊகத்தால் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் பட்டிக்கு வாருங்கள். பசுக்களின் சிறுநீரில் போர்க்பீட்டர்சனியையும், வயலில் இறங்கிய இருவரின் குருதியில் இன்டரோகன்ஸும் இருந்தால், அந்தப் பசுக்கள் அந்த இருவருக்கும் இந்நோயைக் கொடுக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். அதற்கு முழு மரபணுத்தொகுதியையும் படிக்கத் தேவையில்லை. இனத்தைப் பிரித்தறிய ஓரிரு பரம்பரையலகுகளின் துண்டுகளே போதும். மாறாக, இரு பக்கமும் இன்டரோகன்ஸ், அதுவும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாகவே இருந்தால்? மாட்டிலிருந்து மனிதருக்கு வந்திருக்கலாம். வைக்கோல் போருக்குள் குடியிருக்கும் எலிகளிடமிருந்து இரு தரப்புக்கும் வந்திருக்கலாம். வாய்க்காலின் மேற்பக்கத்தில் தண்ணீர் குடிக்கும் இன்னொரு பட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். எலியையும் அடுத்த பட்டியையும் பரிசோதிக்காத வரையில், ஒப்பீட்டில் இருப்பது உங்கள் மாடுகள் மட்டும். இருப்பவர்களுக்குள்தான் உறவு தேட முடியும். பரிசோதிக்கப்படாதவர் எப்போதும் நிரபராதி போலவே தெரிவார்.

பொருத்தம் ஒன்று உண்மையிலேயே வலுவாக இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள இன்னொரு நோயை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மெலியோய்டோசிஸ் என்பது சேற்றிலும் மண்ணிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வருவது. இலங்கையில் 1927இலேயே பதிவான நோய். கிழக்கிலும் தொடர்ந்து கண்டறியப்படுகிறது. நீரிழிவு உள்ள வயல் வேலைக்காரரையே அதிகம் பிடிக்கும். காசநோய் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. 2021இல் அமெரிக்காவின் கான்சஸ், மினசோட்டா, டெக்சாஸ், ஜோர்ஜியா மாநிலங்களில் நால்வருக்கு இந்நோய் வந்தது; இருவர் இறந்தனர். நால்வரும் வெளிநாடு போகாதவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். நால்வரின் கிருமியும் மரபணு அளவில் ஏறத்தாழ ஒன்றே என்பதும், அது தெற்காசியக் கிருமிகளின் உறவினர் என்பதும் முதலில் தெரிந்தன. ஆனால் எதன் வழியாக வந்தது என்பதை மரபணு சொல்லவில்லை. அவர்களின் வீடுகளில் இருந்த பொருள்களை மாதக்கணக்கில் சோதித்த பிறகு, ஒக்டோபரில், ஜோர்ஜியா நோயாளியின் வீட்டில் இருந்த ஒரு வாசனைத் தெளிப்பான் போத்தலில் அதே கிருமி கிடைத்தது. இந்தியாவில் தயாரானது. டெக்சாஸ் நோயாளியின் வீட்டில் வளர்த்த ரக்கூன் என்ற விலங்கு அத்தகைய போத்தலொன்றை உடைத்து, சிந்திய திரவத்தில் நடந்து, பின்னர் இறந்துபோனதும் தெரியவந்தது. அமெரிக்க வீடுகளில் அந்தக் கிருமிக்கு வேறு வழியே இல்லை. அதனால் பொருத்தம் முடிவானது. நமது வட்டைகளிலோ அக்கிருமி மண்ணிலேயே இருக்கிறது. அதே அளவு பொருத்தம் இங்கே கிடைத்தால் அதே அளவு பொருள் தராது.

ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு உறவு சொல்வதும் ஆபத்து. 2006 இறுதியில் மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளைச் சிக்குன்குனியா பிடித்தாட்டியதை நாற்பது வயது கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மாதங்கள் கடந்தும் காலையில் விரலை மடக்க முடியாமல் தேநீர்க் கோப்பையை இரு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தவர்களை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். அந்த வைரஸில் ஏறத்தாழ 11,800 எழுத்துகள். அவற்றுள் ஓரெழுத்து மாறியதால், வெளிப்புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனீன் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்துக்கு வலீன் என்ற இன்னொன்று வந்தது. அதனோடு, தோட்டங்களில் பெருகும் புலி நுளம்பு என்னும் ஈடிஸ் அல்போபிக்டஸ் வைரஸைப் பல மடங்கு திறமையாகக் காவத் தொடங்கியது. இலங்கையில் 2006இல் எடுத்த மாதிரிகளில் பழைய எழுத்து. 2008 மாதிரிகளில் புதியது. அதே மாற்றம் ரீயூனியன் தீவிலும் கேரளத்திலும் காணப்பட்டது. ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போனதென்றுதான் முதலில் எவருக்கும் தோன்றும். ஆனால் பிரதியின் மற்ற எழுத்துகளையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த மாற்றம் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே தோன்றியதென்று விளங்கியது. பயன் தரும் பிழையை இரண்டு எழுத்தர்கள் தனித்தனியாகவும் விடலாம்.

இவ்வளவும் அறிந்திருந்தும் மாவட்ட மட்டத்தில் ஏன் செய்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். இயந்திரம் இல்லாததே காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. 2015இல் கினியில் எபோலா பரவியபோது, உள்ளங்கையில் அடங்கும் நனோபோர் கருவியைப் பயணப்பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே வரிசைப்படுத்தினார்கள். எங்களுக்குச் சிக்கல் அதற்கு முந்திய படியில், மாதிரியில், இருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி குருதியில் இருப்பது முதல் ஒரு கிழமை அளவுதான்; அதற்குள்ளும் நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டால் மறைந்துவிடும். எங்கள் ஆட்களோ பரசிற்றமோலும் கொத்தமல்லித் தண்ணீருமாக நாலைந்து நாள் பார்த்து, பிறகு தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு குளிசைக் கட்டு வாங்கி, மஞ்சள் தட்டிய பின்புதான் பெரியாசுபத்திரிக்குப் போவார்கள். அப்போது குருதியில் மிஞ்சியிருப்பது பிறபொருளெதிரி மட்டுமே. கிடைக்கும் சிறிதளவு கிருமி டீ.என்.ஏ.யும், 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித டீ.என்.ஏ.க்குள் நெல்லுக்குள் தினை போலக் கலந்திருக்கும். வளர்த்தெடுக்கலாமென்றால், லெப்டோஸ்பைரா வளரக் கிழமைகளாகும், மாதங்களும் ஆகலாம்.

மாட்டின் பக்கம் இன்னும் கடினம். நான் ஒருமுறை ஒரு மிருக வைத்தியரோடு பட்டியொன்றுக்குச் சிறுநீர் மாதிரி எடுக்கப் போனேன். படுத்திருந்த மாடு எழுந்ததும் சிறுநீர் கழிக்கும் என்பதால் விடியப்புறம் ஐந்து மணிக்கே அங்கே நிற்க வேண்டும். கம்பில் கட்டிய பிளாஸ்திக் கோப்பையோடு நான் ஒரு பக்கம், பட்டிக்காரப் பொடியன் மறுபக்கம், அவன் "வெள்ளச்சி எழும்புது, ஐயா, வெள்ளச்சி!" என்று கத்த, நான் சாணத்தில் சறுக்கிக்கொண்டு ஓட, பாதி கோப்பைக்குள், பாதி என் கைச்சட்டையில். பதினான்கு குழாய்கள் தேறின. நான் மை பேனாவால் எழுதிய இலக்கங்களைப் பனி நனைத்துவிட்டது. ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்து குழாய்கள் தண்ணீரில் மிதந்தபடி வந்து சேர்ந்தன. இரண்டு கிழமை கழித்து ஆய்வுகூடத்திலிருந்து அழைத்து, மூன்று குழாய்களில் லெப்டோஸ்பைரா இருக்கிறது, அவை எந்த மாடுகளுடையவை என்று கேட்டார்கள். அவற்றுள் இரண்டுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து பென்சிலைத் தவிர வேறெதனாலும் நான் குழாயில் எழுதுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால்நடைக்கு ஏதும் ஆனவுடன் மரபணுவைத் தேடி ஓடவும் தேவையில்லை. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தபோது, புதிய தொற்றுநோய் என்ற அச்சம் பரவி, மாட்டிறைச்சியைக் கொண்டு செல்வதற்கும் தடை வந்தது. பேராதனையில் உடற்கூற்று மாதிரிகளைப் பரிசோதித்து, காரணம் நோய்க்கிருமி அல்ல, கடுங்குளிர்தான் என்று முடிவுசெய்தார்கள். உங்கள் பசுக்களின் கருச்சிதைவுக்கும் லெப்டோஸ்பைராதான் காரணமென்று இன்னும் யாரும் காட்டவில்லை. புரூசெல்லா என்ற கிருமியும் சினையின் பிற்பாதியில் கருவைக் கலைக்கும். பச்சைப் பால் வழியாகவும், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும் மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலைக் கொடுக்கும். முதலில் எது கிருமி என்று தெரிய வேண்டும். அதற்குச் சாதாரண குருதிப் பரிசோதனையும் பீ.சீ.ஆரும் போதும். அந்தக் கிருமி யாருக்கு உறவு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

எனவே நீங்கள் செய்யக்கூடியது: பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, கருச்சிதைந்த மூன்று பசுக்களோடு சிதையாத ஏழெட்டுப் பசுக்களின் குருதியையும் சிறுநீரையும் எடுக்கச் சொல்லுங்கள், நோயற்றதாகத் தெரியும் மாடே காவியாக இருப்பது வழக்கம். இரண்டு மூன்று கிழமை கழித்து அதே மாடுகளின் குருதியை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும். இனி ஒரு கன்று சிதைந்தால், அதையும் நஞ்சுக்கொடியையும் புதைக்குமுன் அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். வட்டையில் இறங்குகிறவர்களுக்கு, விதைப்புக்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், கிழமைக்கொரு தடவை உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் பற்றி ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும். காய்ச்சல் வந்தால் முதல் நாளே, வயலில் இறங்கியதைச் சொல்லி, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் எடுத்த குருதியில்தான் கிருமியின் பிரதி கிடைக்கும். மாடுகளுக்கு நீங்கள் வைத்த பெயர்களையும், கரு சிதைந்த திகதிகளையும், அந்த நாள்களில் பட்டி எந்த வாய்க்காலில் தண்ணீர் குடித்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பென்சிலால்.